ஹெகாய் கழுவிக் கொட்டிய சாவுகள்

தாஷ்கென்ட்டில் வியாழக்கிழமை என்றால் புலாவ் சோறு. எங்கள் மூலிகை ஆராய்ச்சிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு தட்டு உண்டு என்பது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை, எல்லாரும் அகா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுகிற இந்த நோசிரைப் போல் மதித்தவர் உலகத்திலேயே கிடையாது. நிலநடுக்கம் வந்தால்கூடத் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே ஓடுவேன்.

அந்த வியாழன் முகர்ரம் சாப்பிட வரவில்லை. மலையில் பனி உருகும்போது தலைகாட்டுகிற மஞ்சள் பூவின் கிழங்கிலிருந்து ஒரு சரக்கைப் பிரித்தெடுத்து, அதைப் புற்றுநோய் மருந்தாக்கப் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிற வேதியியல்காரி. புலாவை விட்டுவிட்டு ஒரு மனுஷி எங்கே போயிருப்பாள் என்று கவலைப்பட்டு, இரண்டாவது தட்டை முடித்த கையோடு தேடிக்கொண்டு போனேன்.

வலேரி ஹெகாயின் அறையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் வாழும் கொரிய இனத்தவர் அவர். புற்று செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மருந்து ஊற்றி, செத்ததா பிழைத்ததா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. சுத்தக்காரர். அவர் அறையில் தூசு விழ வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

"கொல்லலை முகர்ரம். நிறுத்துது, அவ்வளவுதான்" என்றார் ஹெகாய்.

"எப்படி வலேரி? செல்லு ரெண்டாப் பிரியறப்போ உள்ள இழுக்கிற கயிறையே கட்டவிடாமப் பண்ணுது என் சரக்கு. பாதி வழியில மாட்டிக்கிட்ட செல்லு எத்தனை நேரம்தான் தாங்கும்?"

"நல்லாத் தாங்குது. மருந்தை எடுத்துட்டா எழுந்து நடக்கும். செத்தது நூத்துக்கு ஒண்ணு ரெண்டு. மருந்தே ஊத்தாத தட்டுலயும் அதே ஒண்ணு ரெண்டு."

"அப்போ என் தட்டுல செல்லு பாதியாக் கொறைஞ்சிருக்கே, அது?"

"பெருகலை, அதான் கம்மி. கல்யாணமே நடக்காத ஊர்ல ஜனத்தொகை ஏறுமா?"

முகர்ரம் கண்ணை அகலத் திறந்து முழித்த அந்த முழியை நான் அவளிடம் அதுவரை பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை இயக்குநர் இக்ராம்ஜான் முன்னால் எல்லாருடைய ஆராய்ச்சியும் எடைபோடப்படும். இக்ராம்ஜான் செருமினால் சமர்கந்தில் கோழி கூவும், அப்பேர்ப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டையில் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: வெறுமனே நிறுத்துகிற சரக்கு வேண்டாம், கொல்லவில்லை என்றால் முகர்ரமின் வேலையை மூடிவிட்டு அறையைப் பருத்திக்கொட்டை எண்ணெய் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

"முதல்ல ஒரு வாய் டீ குடிம்மா" என்றேன். செல் வளர்க்கிற இடத்தில் டீ குடித்தால் ஹெகாய் கொலை செய்வார் என்பதால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். பச்சைத் தேயிலை. கிண்ணத்தில் ஊற்றினேன், குடுவைக்கே திருப்பினேன். மறுபடி ஊற்றினேன், திருப்பினேன். மூன்றாவது முறையும். அப்போதுதான் சாறு இறங்கும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அவசரம் என்பதற்காக இதைக் குறைக்கிறவன் மனிதனா?

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெகாய் வேறு யாருடைய தட்டையோ எண்ணத் தயார் செய்துகொண்டிருந்தார். செல்களுக்குத் தீனியான சத்துநீரைச் சாய்த்துக் கொட்டினார். உப்புநீர் விட்டு அலசிக் கொட்டினார். மறுபடி அலசிக் கொட்டினார். முகர்ரம் என் கையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். நான் நீட்டிய கிண்ணத்தை வாங்காமல் எழுந்தாள்.

"வலேரி! இப்ப எதைக் கொட்டினீங்க?"

"பழைய சத்துநீர்."

"அதுல என்ன இருக்கு?"

"குப்பை. மிதக்கிற அழுக்கு. அதோட எண்ணினாக் கணக்குக் கெட்டுடும்ல."

"நோசிர் அகா ஊத்தினதையெல்லாம் குடுவைக்கே திருப்பறாரு. நீங்க எல்லாத்தையும் தொட்டியில விடறீங்க. செத்த செல்லு தட்டைப் பிடிச்சுக்கிட்டா இருக்கும்?"

ஹெகாயின் கை அந்தரத்தில் நின்றது. உயிருள்ள செல்தான் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாகிற செல் சுருங்கி, உருண்டு, பிடியை விட்டு மிதக்கும். இது அவருக்குத் தெரியாததா? ஆனால் அழுக்கைப் பார்த்தால் அவருக்கு மூளை நின்று கை ஓட ஆரம்பித்துவிடும்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அட மகராசா! பிணத்தையெல்லாம் ஆத்துல விட்டுட்டு, அப்புறம் வீடு வீடாப் போய் 'இங்க யாராவது செத்திருக்கீங்களா'ன்னு கேட்டிருக்கியே!"

"சிரிக்காதீங்க அகா."

"நான் எங்கப்பா சிரிச்சேன்? புரையேறுது."

"என் சுத்தத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்லை" என்றார் ஹெகாய், காது சிவக்க.

"குறையே அதுதான்" என்றாள் முகர்ரம்.

அன்றே புதிதாகத் தட்டுகளை வைத்தார்கள். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் சத்துநீர். சனிக்கிழமை நானும் போனேன். அன்று புலாவ் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஒரு சொட்டும் தொட்டிக்குப் போகவில்லை. மிதந்ததையும் அலசியதையும் குழாயில் சேர்த்து, வேகமாகச் சுழற்றி அடியில் படியவைத்து, ஒட்டியிருந்ததோடு கலந்து, நீலச்சாயம் விட்டார்கள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்தது தடுக்காது, நீலமாகிவிடும்.

ஹெகாய் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை. அதற்குள் எனக்கு இன்னொரு பேரன் பிறந்திருக்கலாம்.

"மருந்து இல்லாத தட்டு, பழையபடி ஒண்ணு ரெண்டுதான்" என்றார். "மருந்து விட்டதுல பாதிக்கு மேல நீலம்."

"வெடிச்சிருக்கா, சுருங்கியிருக்கா?" என்றாள் முகர்ரம். அந்தக் கேள்வி முக்கியம். வெடித்துச் சாகிற செல் உள்ளே இருப்பதைக் கக்கிப் பக்கத்துச் சதையையும் புண்ணாக்கும். நல்ல மருந்து வெட்டிச் சாய்ப்பதில்லை. செல்லுக்குள் ஒன்றைக் குலைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். சரிசெய்ய முடியாது என்று கண்டதும், செல்லுக்குச் சக்தி தருகிற குட்டிப் பைகள் ஓட்டையாகும். அதிலிருந்து கசிகிற புரதம் தூங்குகிற கத்தரிக்கோல் நொதிகளை எழுப்பும். அவை செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக நறுக்கிப் பொட்டலம் கட்டிவிடும். தற்கொலைதான், ஆனால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாத தற்கொலை.

"நீலமாகாதது பலதும்கூடச் சுருங்கிக் கொப்புளிச்சுத்தான் கெடக்கு. முசுக்கட்டைப் பழம் மாதிரி" என்றார் ஹெகாய். "வெடிக்கலை. தானாத்தான் போயிட்டு இருக்கு."

முகர்ரம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இக்ராம்ஜான் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வியாழக்கிழமை சாகலை. சனிக்கிழமை செத்திருக்கு. யார் பொய்?"

ஹெகாய் எழுந்தார். "பொய் இல்லை. என் தப்பு. ரொம்பக் கழுவிட்டேன்."

"இந்த ஒரு சரக்குக்கு மட்டுமா கழுவினீங்க?"

"எல்லாத்துக்கும்தான்."

அறையில் இருந்த அத்தனை வேதியியல்காரர்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். கழுத்துகள் சொடுக்கிய சத்தம் கேட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள்.

இக்ராம்ஜான் ஜன்னல் அதிரச் செருமினார். அறை முகர்ரமிடமே இருக்கட்டும் என்றார். நல்ல செல்களை அந்தச் சரக்கு விட்டுவைக்கிறதா என்று பார்த்த பிறகு எலிகளுக்குப் போகலாம் என்றார். எண்ணெய்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

மறுநாள் ஹெகாயின் வாசலில், அவர் எப்போதோ 'கொல்லவில்லை' என்று தள்ளிய சரக்குகளையெல்லாம் குப்பிகளில் ஏந்திக்கொண்டு ஒரு வரிசை. சந்தையில் முலாம்பழம் முதன்முதல் வந்திறங்கும் நாளில்கூட அத்தனை கூட்டம் கிடையாது. முன்னால் நின்றவள் முகர்ரம்.

"உங்களோடதுதான் ஜெயிச்சிடுச்சே, இன்னும் என்ன?" என்றார் ஹெகாய்.

"புற்றைக் கொல்லுதுன்னு தெரியுது. நல்லதையும் சேர்த்துக் கொல்லுதான்னு தெரியலையே. தோல் செல்லும் கல்லீரல் செல்லும் வளர்த்துக் கொடுங்க."

"நாளாகும்."

"ஆகட்டும்" என்று குப்பியை அவர் கையில் வைத்தாள்.