புதன்கிழமைப் பட்டியல்

மீட்டரின் முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றதும் ரேடியோதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சேவுகம்பட்டியிலிருந்து வருகிற சிக்னல் அப்படி வரவே வராது. அவ்வளவு தூரம் தாண்டி வந்து சேர்வதற்குள் மெலிந்துபோய், முள் பாதிக்குக்கூட ஏறாமல் நடுங்கும். நாலு மாதமாக ஒவ்வொரு புதனும் அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பழகின கண் இது. இன்றைக்கு என்னவோ பக்கத்து வீட்டு மாடியில் நின்று கத்துகிற மாதிரி வந்து விழுந்தது. திரையில் அனுப்பியவர் பெயர் முனீர் என்று இருந்தது. முனீர் என் வீட்டுக்காரர்.

இந்தப் புதன்கிழமைச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. நாங்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்கள், திண்டுக்கல்லைச் சுற்றி இருபத்திரண்டு பேர். புதன்தோறும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுக்குள் ஆளுக்கொரு ஈமெயில் அனுப்ப வேண்டும். இன்டர்நெட் இல்லாமல், செல்போன் டவர் இல்லாமல், ரேடியோ வழியாக மட்டும். புயலோ வெள்ளமோ வந்து எல்லாம் படுத்துக்கொண்டாலும் நாலு வரி போய்ச் சேர வேண்டுமே, அதற்கான பழக்கம். பெயர், ஊர், கடைசியில் குறிப்பு என்று ஒரு வரி, அவ்வளவுதான். நாகல் நகரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அதையெல்லாம் வாங்கி, ஒவ்வொருவருக்கும் 'கிடைத்தது, நன்றி' என்று பதில் போட்டு, ஆறு மணிக்குப் பட்டியலாக்கி எல்லோருக்கும் அனுப்புவது என் பொறுப்பு. ஆறு வருஷமாகச் செய்கிறேன். ஜாக்கெட் தைக்கிற பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும்.

அவரும் நானும் எதற்குச் சண்டை போட்டோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மகள் சபிஹா நிக்காஹ் முடிந்து விருந்து நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மாடியில் நிற்கிற ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, ரேடியோ லைசென்ஸ் சம்பந்தியம்மாவிடம்கூட இருக்கிறதாமே என்று மெச்சினார்கள். இவர் தாளிச்சாவைப் பரிமாறிக்கொண்டே, "எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதான். இவ சும்மா பட்டன் அமுக்குவா" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மோர்ஸ் பரீட்சையில ரெண்டு தடவ கோட்டை விட்டது யாருன்னு சொல்லட்டா?" என்றேன். பந்தியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில், "அக்கா வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்று சேவுகம்பட்டிக்குக் கிளம்பினார். "தாராளமா" என்றேன். அந்த நாலு நாள்தான் நாலு மாதமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. திருச்சியிலிருந்து சபிஹா போன் பண்ணும்போதெல்லாம், "அத்தாவும் நீயும் நல்ல ஜோடிம்மா" என்று அலுத்துக்கொள்வாள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தது பொய்யில்லை. டெலிபோன் இலாகாவில் கம்பமேறி இறங்கிக் களைத்து வருகிற மனுஷர், ராச்சாப்பாடு முடிந்ததும் ஸ்பூனால் தட்டில் தட்டித் தட்டி மோர்ஸ் என்கிற தந்திச் சங்கேதத்தைப் பழக்கினார். நான் முதல் தடவையே பாஸ் பண்ணிவிட்டேன், என்னைப் பழக்கினவர் தோற்றுவிட்டு வந்து மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தார். அதைச் சபையில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேனே, என் வாயை என்ன செய்வது? பல நாள் தனியே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் போனை எடுத்து அவர் பெயரை அழுத்த மட்டும் கை வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

வந்ததெல்லாம் புதன்கிழமைக் குறிப்பு மட்டும்தான். போனில், தபாலில் சொல்கிற அளவுக்கு முக்கியமில்லாத சொந்தச் சங்கதியைத்தான் ரேடியோவில் பேசலாம் என்று லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். அவர் அந்த விதியை அச்சு பிசகாமல் கடைப்பிடித்தார். 'அக்கா வீட்டு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது.' 'இங்கே முருங்கைப் பூ உதிர்கிறது.' 'மூக்குக்கண்ணாடிக் காது உடைந்து நூல் கட்டியிருக்கிறேன்.' நானும் விடாப்பிடியாக, ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் போடுவது போலவே, 'கிடைத்தது, நன்றி' என்று போட்டேன். அனுப்பிவிட்டு அவர் எழுதின அந்த ஒரு வரியை எத்தனை தடவை படிப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். யார் அவருக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுப்பார்கள் என்று ஒரு வாரம் முழுக்க யோசித்தேன்.

இன்றைக்கு வந்த படிவத்தைத் திறந்தேன். ஊர்: சேவுகம்பட்டி. குறிப்பு: ஒன்றுமில்லை. இத்தனை மாதத்தில் அவர் ஒன்றுமில்லை என்று எழுதியதில்லை. போன வாரப் படிவத்தையே எடுத்துத் தேதியையும் குறிப்பையும் மட்டும் மாற்றி அனுப்புகிற சோம்பேறித்தனம் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் உண்டு. அதனால் ஊர் பழையபடியே வந்துவிடும். ஆனால் படிவத்தின் அடியில் இன்னொரு கட்டம் இருக்கிறது, அனுப்புகிற ஆள் நிற்கிற இடத்தை ஜிபிஎஸ் பார்த்துத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். அதை எடுத்து வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். புள்ளி சேவுகம்பட்டியில் இல்லை. எங்கள் தெருமுனையில், மாவு மில் பக்கத்தில் விழுந்திருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. இம்புட்டு தூரம் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவருக்கு நாலு எட்டு வைத்துக் கதவைத் தட்ட என்ன கேடு? பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்குப் பட்டியல் வந்ததும் ஆன்டெனா வயரைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். மனுஷரை எனக்குத் தெரியும். இன்றைக்குப் போனால் இனி இந்தத் தெருப்பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார், அந்த அக்கா வீட்டிலேயே கிடந்து கிழவராகிவிடுவார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'வாங்க' என்று அடித்தேன். அழித்தேன். 'நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று அடித்தேன். ரேடியோவில் ரகசியம் கிடையாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம், படிக்கலாம். அதையும் அழித்தேன். சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தும் ஒரு வரி தேறவில்லை. அதற்குள் ஆறாகிவிட்டது.

பட்டியல் எழுதுகிறவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆள் எழுதி அனுப்பின ஊர் எதுவோ அதைத்தான் போட வேண்டும், நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆறு வருஷத்தில் ஓர் எழுத்து நான் மாற்றியதில்லை. முனீர் என்ற பெயருக்கு எதிரே இருந்த சேவுகம்பட்டியை அழித்துவிட்டு நாகல் நகர் என்று அடித்தேன். இருபத்திரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. குஜிலியம்பாறை நல்லுசாமி அய்யா. பள்ளிக்கூடத்து லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பட்டியலில் ஒரு கமா தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"ஏம்மா சைதூன், பாய் ஊரு மாறி விழுந்திருக்கே. தப்பா அடிச்சுட்டியா?"

"இல்லங்கய்யா. சரியாத்தான் போட்டிருக்கேன்."

"அப்ப வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்கய்யா. தெருமுனைக்கு வந்துட்டாரு."

"தெருமுனைக்கா? அங்கனருந்து வீடு எம்புட்டு தூரம்?"

"நூறு எட்டு இருக்கும்."

"அப்ப என்கிட்ட என்னம்மா பேச்சு? போன வையி" என்றார்.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். எந்தச் செருப்பை மாட்டினேன் என்றுகூடத் தெரியாது. மாவு மில் சுவரோரம் மொபெட் ஸ்டாண்டு போட்டு நின்றது. பார்த்ததும் என் கண் பையைத்தான் தேடியது. துணிப்பை இல்லை. கால் வைக்கிற இடத்தில் பேட்டரியும் ரேடியோவும், கைப்பிடியில் சுற்றின வயர், அவ்வளவுதான். தங்குகிற நினைப்போடு வரவில்லை. என்ஜின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டும் கால் நிற்கவில்லை.

அவர் எனக்கு முதுகு காட்டி, சீட்டின் மேல் வைத்த லேப்டாப்பில் குனிந்திருந்தார். மெலிந்து போயிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. நான் பின்னால் வந்து நின்றது மில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரையில் பட்டியல் திறந்திருந்தது. விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டு வந்தார். தன் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. பக்கத்தில் இருந்த ஊரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியையே மறுபடியும் படித்தார்.

நான் அவரைத் தாண்டிக் கையை நீட்டி வண்டிச் சாவியைத் திருகி உருவினேன். என்ஜின் நின்றது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.