ஜாத்திரையில் வாசித்த செய்தி

கிரண்குமார் நீட்டிய தாளை ஹேமநாத் கை நீட்டி வாங்கவில்லை. அவரே மேசைமேல் வைத்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். ஊடக ஒருங்கிணைப்பு அதிகாரி என்று அரசாங்கம் புதிதாக ஒரு பதவியை உண்டாக்கி, திருப்பதியின் லோக்கல் சேனல்களுக்கெல்லாம் அவரைக் காவல் வைத்திருந்தது. வருவார், காபி குடிப்பார், என்ன செய்தி போட்டீர்கள் என்று பிள்ளையைப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போவார். இந்த முறை கேட்க வரவில்லை.

“சாயந்திரம் தமிழ் நியூஸ்ல இத படிச்சுடுங்க ஹேமநாத்காரு. சின்ன மேட்டர்தானே கதா.”

சின்ன மேட்டராம். கரும்புத்தோட்டம் காலனியில் குழாய்த் தண்ணீரோடு சாக்கடை கலந்து, வாந்திபேதியில் இரண்டு குழந்தைகள் போய்ச் சேர்ந்திருந்தன. அதில் ஒன்று செங்கம்மாவின் மகள். நகரிப் பக்கத்திலிருந்து வந்து, லாட்ஜில் அறை கூட்டிப் பிழைப்பவள் செங்கம்மா. ஹேமநாத்தான் கேமராவோடு போனான். அவள் சொம்புத் தண்ணீரை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, “மோந்து பாருண்ணா. இதத்தான் எங்கொயந்தைக்கு குடுத்தேன்” என்றாள். மோந்து பார்த்தான். சாக்கடை நாற்றம். அதை அப்படியே செய்தியில் போட்டான்.

இப்போது இந்தத் தாள் சொன்னது: தண்ணீர் சுத்தமானது. குழந்தை இறந்தது வீட்டில் கெட்டுப்போன சோறு கொடுத்ததால். செங்கம்மா என்ற பெண் சிலரின் தூண்டுதலால் பொய் சொன்னார். நிலையம் வருந்துகிறது.

சேனல் முதலாளி ஜெயச்சந்திரன் அவனைத் தனியாக ஓரம் கட்டினார். “படிச்சுட்டு போயேண்டா. நம்ம சிக்னல் கவர்மெண்ட் கேபிள்லதான் ஓடிக்கினு கீது. ஒரு பட்டன் அமுக்குனா நாம கோவிந்தா.”

“பெத்தவளே சோறு போட்டுக் கொன்னுட்டான்னு எவ்வாயால சொல்லணுமாண்ணா? வேற ஆளப் பாத்துக்கோங்க.”

வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மோனிகா படித்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். கேமராவை நிமிர்ந்து பார்க்காமலே படித்து முடித்தாள். ஹேமநாத்தைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார் ஜெயச்சந்திரன். அவன் மற்ற சேனல்களின் படியேறினான். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், பேச்சை மாற்றினார்கள். போனில் எடுத்து இணையத்தில் போட்ட வீடியோ மறுநாளே காணாமல் போனது. ஊரில் இத்தனை மைக் இருந்தும், ஒரு பெண் தன் பிள்ளையைக் கொல்லவில்லை என்று சொல்ல ஒரு மைக்குக்குத் தைரியம் இல்லை.

செங்கம்மா அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

“எம்மாமியா ஊட்டுக்காரங்க கேக்கறாங்கண்ணா, இன்னா துன்னக் குடுத்தேன்னு. எம்புருசன் மொகத்த திருப்பிக்கினு போறான். டீவில சொல்ட்டாங்களாம். நீதானே படம் புடிச்சே? நீ சொல்லு, நா பொய்யா சொன்னேன்?”

“ஜாத்திரைக்கு வா. ஊரு முன்னால சொல்றேன்” என்றான் ஹேமநாத்.

கங்கம்மா ஜாத்திரை என்ற அம்மன் திருவிழா வந்தால் திருப்பதிக்கு வாய்ப்பூட்டு கிடையாது. பெண்களைச் சீரழித்த பாளையக்காரன் ஒருவன் அம்மனுக்குப் பயந்து ஒளிந்துகொண்டானாம். அவனை வெளியே இழுக்க அம்மன் தினம் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு, வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே தெருத்தெருவாகப் போனாளாம். அதனால் வேஷம் கட்டியவன் யாரை வேண்டுமானாலும் என்ன வார்த்தையாலும் திட்டலாம். கலெக்டரானாலும் கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். போலீஸ்காரர்கள்கூடச் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். அந்த நாளில் தன்னை எவன் தடுப்பான் என்று ஹேமநாத் கணக்குப் போட்டான்.

கரி பூசும் வேஷத்தன்று உடம்பெல்லாம் கரியை அப்பிக்கொண்டு, வேப்பிலை மாலையோடு கிளம்பினான். கோயில் போகும் தெருவில் பெரிய மோர்ப்பந்தல். பட்டு வேட்டியில் நின்று கிரண்குமாரே மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். பந்தலோரம் செங்கம்மா காத்திருந்தாள்.

ஹேமநாத் நடுத்தெருவில் நின்று தொடங்கினான். முதலில் கிரண்குமாரின் வம்சத்தை விசாரித்தான். அந்த வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. கூட்டம் ஓவென்று கூவிச் சூழ்ந்துகொண்டது. நூறு போன்கள் உயர்ந்தன. பிறகு செய்திக்கு வந்தான். சாக்கடைத் தண்ணீர், செத்த குழந்தைகள், மோனிகாவைப் படிக்க வைத்த பொய், எல்லாவற்றையும் வரிக்கு வரி வசவு கோத்துச் சொன்னான். ஒவ்வொரு வரிக்கும் விசில் பறந்தது. குழந்தை செத்தது என்றபோதும் பறந்தது. இரண்டு பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கிரண்குமாரும் சிரித்தார். கைகூப்பிக் குனிந்து, “அம்மா திட்னா ஆசீர்வாதம். இன்னும் திட்டுங்க சாமி” என்று ஒரு டம்ளர் மோரை அவன் கையிலேயே கொடுத்தார்.

ஹேமநாத் செங்கம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். தன் பிள்ளையின் சாவுக்கு ஊரே கைதட்டுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டது. கிரண்குமார் மேல் அல்ல, தன் மேல். கொடுத்த வேஷத்துக்குள் நின்றுகொண்டு, கொடுத்த நாளில் கத்தினால், கொடுத்தவனுக்கு என்ன வலிக்கும்? திட்டச் சொல்லி அவர்களே மோரும் ஊற்றுகிறார்கள். இதை ஒரு வீரம் என்று நினைத்துக் கரி பூசிக்கொண்டு வந்த தன் மடத்தனத்தை நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மோரைக் கீழே ஊற்றினான். பந்தலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தலையோடு கவிழ்த்துக்கொண்டான். வேட்டியால் முகத்தை அழுந்தத் துடைத்தான். வேப்பிலை மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தான். அடையாளம் தெரிந்து யாரோ, “ஏய், டீவி ஹேமநாத்துடா” என்றார்கள்.

“ஆமா, ஹேமநாத்துதான். அம்மன் இல்ல, நாந்தான் சொல்றேன்” என்றான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. தினம் செய்தி வாசிக்கும் அதே குரலில் சொன்னான். “கரும்புத்தோட்டம் காலனியில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து இரண்டு குழந்தைகள் இறந்தன. அதை மறைக்க, பெற்ற தாயையே குற்றவாளியாக்கி அரசாங்கம் எழுதிக் கொடுத்த பொய்யை எங்கள் சேனல் வாசித்தது. எழுதிக் கொண்டுவந்தவர் இதோ நிற்கிறார்.”

விசில் நின்றது. உயர்ந்திருந்த போன்கள் மெல்ல இறங்கின. கிரண்குமாரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இது கோயில் விசேஷம். இங்க பாலிடிக்ஸ் லேது. எஸ்ஐகாரு, இந்தாள தூக்குங்க.”

“இத்தினி நேரம் உங்கம்மாவ திட்டுனப்ப சிரிச்சியே சார்! திட்டாம சொன்னா தூக்குவியா?” என்றான் ஹேமநாத்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் அவன் கையைப் பின்னால் முறுக்கினார்கள். அவன் விடாமல் முதலிலிருந்து செய்தியை வாசிக்கத் தொடங்கினான். ஒருவன் ஈரமான அவன் வாயைப் பொத்தினான்.

செங்கம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, அவன் நின்ற இடத்தில் வந்து நின்றாள்.

“எம்பொண்ணு பேரு மோக்ஷிதா” என்றாள். “சோத்தால சாவல. கொயாத் தண்ணி குடிச்சு செத்துப்போச்சு. நாந்தான் அம்மா, நா சொல்றேன். என்னையும் புடிச்சிக்கினு போங்க.”

யாரும் சிரிக்கவில்லை.