தெளியாத நீலம்

பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள் ரஃபியா. பச்சைப்பசேலென்று இருந்த திராட்சை இலைகள் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தன. மருந்து அடித்த வரிசைகளில் மட்டும்தான் அப்படி. நேற்று இருட்டிவிட்டதால் அடிக்காமல் விட்ட வரிசைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

சுருளிப்பட்டியில் அவர்களுக்கு இருந்தது இந்த ஒரு தோட்டம்தான். அடைமழையில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று பயந்து, அவள் கணவன் அப்சல் செம்பு உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, ஒன்றாகக் கலந்து அடித்திருந்தான்.

"எப்பவும் போடுற அளவுதான் போட்டேன். ரெண்டும் சரிக்குச் சரி," என்றான் அப்சல். "இலை பிஞ்சா இருக்குல்ல, தாங்கல. மிச்ச வரிசைக்கு ரெண்டையும் பாதியாக் குறைச்சு அடிச்சிருவோம்."

ரஃபியா மருந்து கலக்கிய டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் நீல வண்டல் படிந்திருந்தது. மேலே நின்ற தண்ணீரும் நீலமாகவே இருந்தது. துத்தம் முழுவதும் சுண்ணாம்போடு சேர்ந்திருந்தால் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டுமே. இரும்புக் கத்தியை உள்ளே விட்டுச் சற்றுப் பொறுத்து எடுத்தாள். செம்பு பூசியதுபோல் கத்தி சிவந்திருந்தது.

"துத்தம் மிச்சமா நிக்குதுங்க. அதான் இலையச் சுட்டிருக்கு."

"அதத்தான பாதியாக் குறைப்போங்குறேன்."

"ரெண்டையும் பாதியாக்குனா மிச்சமும் பாதியாகும். இல்லாமப் போகாது."

கல்லூரியில் வேதியியல் படித்தவள் அவள். இரண்டு பொருள் சேரும்போது எது முதலில் தீருகிறதோ, அதோடு வினை நின்றுவிடும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அது கண்ணுக்கு முன்னால் நடப்பதை இன்றுதான் பார்க்கிறாள். ஆனால் ஒன்று புரியவில்லை. சரிக்குச் சரி போட்டும் சுண்ணாம்பு ஏன் முந்தித் தீர்ந்தது?

பழைய பாட்டில்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு துத்தக் கரைசலை ஊற்றினாள். சுண்ணாம்புக் கரைசலை முதல் பாட்டிலில் ஒரு மூடி, அடுத்ததில் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனாள். வண்டல் படியப் படிய நீலம் வெளிறியது. கடைசிப் பாட்டிலிலும் தெளியவில்லை. அப்சல் தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"இந்தச் சுண்ணாம்பு எப்ப வாங்குனது?" என்று கேட்டாள் ரஃபியா.

"போன வருசத்துது. மூட்டை வாய் தொறந்தேதான் கெடந்துச்சு."

காற்றுப்பட்டு வீரியம் போன சுண்ணாம்பு. எடையில் சரிதான், வேலைக்கு ஆகும் பங்குதான் குறைவு. அப்சல் அப்போதே கம்பத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புதுச்சுண்ணாம்பு வாங்கி வந்தான். இந்த முறை வரிசையின் நடுப் பாட்டிலிலேயே தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. அதற்கப்புறம் சுண்ணாம்பு கூடின பாட்டில்களில் நீல வண்டல் ஏறவே இல்லை. சேரத் துத்தம் இல்லாத சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் தங்கியது.

"இங்கன தீர்ந்தது துத்தம்," என்றான் அப்சல், அவள் சொல்வதற்கு முன்பே.

புதிதாகக் கலந்த மருந்தில் கத்தி சிவக்கவில்லை. அப்படியும் நம்பிவிடாமல் ஒரே ஒரு கொடிக்கு அடித்துக் காத்திருந்தார்கள். இலை வாடவில்லை. மிச்ச வரிசைகளுக்கும் அடித்தார்கள். தீய்ந்த வரிசைகளில் அந்தப் பருவத்துக் காய் போனது போனதுதான். மற்றவை பிழைத்தன.

அடுத்த வாரம் உர மூட்டையைப் பிரித்தபோது, "இதுல நம்ம கொடிக்கு எது முதல்ல தீருது?" என்று கேட்டான் அப்சல். ரஃபியாவுக்குத் தெரியவில்லை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க, அன்றே இருவரும் ஒரு பையில் அள்ளத் தொடங்கினார்கள்.