கழிப்பறைக்குப் போன தலைமை மருத்துவர்

மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போகும் நாளில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மூட்டை தூக்கி முதுகு போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்தவன் நான். அங்கே கழிப்பறை வாசல் என் நாற்காலியைவிடக் குறுகல்.

எங்களைப் போன்றவர்களின் உரிமை அங்கே கிடைக்கிறதா என்று கண்காணிக்க அளவுகோல்கள் எழுதும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அந்த மருத்துவமனையிலேயே நடந்த கூட்டத்தில், "கழிப்பறை உண்டா?" என்று எழுதினார் தலைமை மருத்துவர்.

"உள்ள போக முடியுமான்னு எழுதுங்க சார்," என்றேன்.

"அதெல்லாம் தாராளமா போகலாம்பா."

"அப்ப நீங்களே சக்கர நாற்காலில உக்காந்து போய்க் காட்டுங்க," என்றாள் என்னைத் தள்ளிக்கொண்டு வந்திருந்த என் மனைவி. "மூணு டீ குடிச்சிருக்கீங்க. இதுக்குச் சரியான ஆளு நீங்கதான்."

அறையே சிரித்தது. அவரும் சிரித்தபடி ஒரு சக்கர நாற்காலியில் ஏறித் தாழ்வாரத்தில் பறந்தார். நாங்கள் கைதட்டிக்கொண்டே பின்னால் போனோம். போன வேகத்தில் நாற்காலி வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. அவசரம் தாங்காமல் அவர் எழுந்து உள்ளே ஓடினார்.

"எந்திரிச்சு ஓடுனது செல்லாது டாக்டர்," என்றாள் கூட வந்த நர்ஸ்.

திரும்பி வர வழியில்லை. நாற்காலி வாசலை அடைத்துக்கொண்டு அசைய மறுத்தது.

"உள்ள போக முடியுமான்னே எழுதிக்குங்கப்பா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முதல்ல தச்சரைக் கூப்பிடுங்க."

தச்சர் கதவோடு நிலையையே பெயர்த்தெடுத்தார். வாசல் அகலமானது. கதவுக்குப் பதிலாக நர்ஸ் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள்.

மனைவி டீயை நீட்டினாள். "இனிமே என்ன பயம்? குடிங்க."

இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, போர்வையை விலக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே உருண்டேன்.