சாம்பிராணிப் புகை நின்ற இடம்

மீரா முகைதீன் ஹாஜியாரின் புதிய தேங்காய்த் தும்பு ஸ்டோர் திறப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் துஆவுக்குக் கையேந்தி நின்றார்கள். நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கேதான் என் வேலை இருந்தது. ஒரு சுவரில் ஒளி அனுப்பும் பெட்டி, அறுபது மீற்றர் தள்ளி எதிர்ச் சுவரில் அதைப் பிடிக்கும் பெட்டி. இடையில் ஓடும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. புகை குறுக்கே வந்து ஒளி மங்கினால் தீ மணி அலறும். இந்த ஒரு சோடி போதும் என்று நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஹாஜியார் சாம்பிராணிச் சட்டியோடு நட்டநடுவுக்கு வந்தார். துஆ நடுவில் மணி அடித்து மானம் போகப்போகிறதே என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. தாராள மனசுக்காரர், அள்ளி அள்ளிப் போட்டார். புகை குபுகுபுவென்று ஏறியது.

மணி அடிக்கவில்லை.

"மெஷினுக்கும் மரியாத தெரியுது மகன்!" என்று துஆ முடிந்ததும் என் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகை கதிருக்கு இரண்டு முழம் கீழேயே நின்று, பாய் விரித்ததுபோலப் பரவியதை நான் பார்த்தேன். நான் புகை போட்டுச் சோதித்தது நேற்றுக் காலை ஆறு மணிக்கு, கூரை குளிர்ந்திருந்தபோது. இப்போது உச்சி வெயில். தகரத்தின் கீழே தேங்கிய சூடான காற்று புகையை மேலே விடவில்லை. நானோ கதிரைக் கூரையோடு ஒட்டி வைத்திருக்கிறேன். மடையன்.

கூடியுண்ணச் சாப்பாட்டுச் சஹன் தட்டுகளை வைத்தார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நாளை முதல் பள்ளிவாசல்துறை ஊர்ப் பெண்கள் நாற்பது பேர் இங்கே தும்பு கட்டப் போகிறார்கள். அதில் ஒருத்தி என் மனைவி ஃபஹ்மியா.

"ஹாஜி, நாளக்கி வேல தொடங்க வேணாம். கீழ இன்னொரு சோடி பூட்டணும். என்ட பிழை."

"சோத்துல கைய வெச்ச நேரத்துல என்ன கதை இது? கையெழுத்து வெச்சது நீதானே?"

"ஓம். அந்தக் கடதாசியத் தாங்க."

வாங்கி, அவர் முன்னாலேயே கிழித்தேன். அவர் முகம் கறுத்தது. ஆனாலும் வேலை திங்கட்கிழமைதான் என்று பெண்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

சேதி கேட்டு வாசலில் நின்ற பெண்களிலிருந்து ஃபஹ்மியா வந்து என்னை மறித்தாள்.

"நான் இங்க வேலைக்கி வராட்டியும் கிழிச்சிருப்பீங்களா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியாது புள்ள."

அவள் மற்றப் பெண்களோடு போய் நின்றுகொண்டாள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.