சைரன் வழிவிட்டார்

எங்கள் வீட்டில் என் கணவருக்கு ‘சைரன்’ என்று பெயர். நகம் வெட்டும்போது லேசாகச் சதையில் பட்டாலும் அவர் போடும் சத்தத்தில் தெருவே எட்டிப்பார்க்கும். பெயர் வைத்தது என் நாத்தனார். நான் தலையாட்டினேன், அவ்வளவுதான் என் பங்கு.

நான் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்காரும் நர்ஸ். வருகிறவர்களின் கையில் பட்டை கட்டுவேன். சிவப்பு என்றால் உடனே உள்ளே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை நன்றாகவே பொறுக்கலாம். அதிகம் கத்துகிறவர்தான் முதலில் என்று நினைப்பவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. கத்துகிறவருக்குக் கத்த மூச்சாவது இருக்கிறதே.

அன்று கூட்டம் அலைமோதியது. சைரன் வந்து நின்றார்.

“லேசா நெஞ்சு எரியுது.”

மத்தியானச் சாப்பாட்டை வெளுத்துக்கட்டியிருப்பார் என்று நினைத்தேன். வீட்டுக்காரரை முன்னால் விட்டாள் என்ற பேச்சும் வரக்கூடாது. நாடிகூடப் பிடித்துப் பார்க்காமல் பச்சையைக் கட்டி உட்காரச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தலைநிமிர்ந்தால், கால் சுளுக்கிய ஒருவரிடம் சைரன், “நீங்க முதல்ல போங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் ஏறும்போதுகூட யாருக்கும் வழிவிடாத மனிதர். நெற்றியெல்லாம் வியர்வை. பச்சையை வெட்டி எறிந்து சிவப்பைக் கட்டி, சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு ஓடினேன்.

இதயத்தில் அடைப்பு. நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர்.

மறுநாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“உன் மேசைக்கு மேல ட்ரையாஜ்னு எழுதியிருக்கே, அப்படின்னா என்ன?”

“பிரெஞ்சுக்காரங்க வார்த்தை. பிரிச்செடுக்கறதுன்னு அர்த்தம். ஒரு காலத்துல ஆட்டுரோமத்தைத் தரம் பிரிக்கறதுக்குச் சொல்லியிருக்காங்க. அப்புறம் சண்டையில அடிபட்டவங்கள்ல யாரை முதல்ல பாக்கணும்னு பிரிக்கறதுக்கும் அதே வார்த்தை வந்துடுச்சு.”

“அப்ப என்னை எந்தப் பக்கம் பிரிச்ச?”

“தப்பான பக்கம்” என்றேன். “நீங்க சத்தமே போடலைன்னு அப்புறம்தான் உறைச்சுது.”

“அப்ப நான் கத்துனா நல்லா இருக்கேன்னு அர்த்தமா?”

“ஆமா.”

அவ்வளவுதான். தலையணை கல்லாட்டம் இருக்கிறது, மின்விசிறி கிரீச்சிடுகிறது, காபியில் சர்க்கரையே இல்லை என்று வார்டு அதிர ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரர் என்னை முறைத்தார். நான் தடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.