உள்ளங்கையில் ஒரு சிராய்

நாற்காலிக் கடைக்காரர் வாயைத் திறந்தால் வழுவழுப்புதான். "எங்க கடை மரத்துல கன்னத்த வச்சுத் தேய்ங்க. சிராய் குத்துனா நாற்காலி இனாம்!" போன வாரம் விடுதி நடத்தும் அம்மாளிடம் இப்படி அளந்தபடியே, நாற்காலி முதுகில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். சுருக்கென்றது. சிரித்த முகம் மாறாமல் கையை மூடிக்கொண்டார்.

"நாப்பது வேணும். வெள்ளிக்கிழமை வந்து விலை பேசிக்கலாம்" என்று அம்மாள் கிளம்பிவிட்டார்.

அந்தக் கடைவீதியில் பேரம் படிந்தால் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்ட வேண்டும். தட்டாத பேரம் காற்றோடு போச்சு.

வீட்டில் ஊசியும் கையுமாக உட்கார்ந்தவரை, நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி அதட்டினாள்.

"குடையாதீங்க! வலி இல்ல, சீழ் இல்ல, மேல்தோல்லதான் நிக்குது. அடியில புதுத்தோல் வளர வளர, பழசு மேல வந்து உதிரும். அதோட இதுவும் வெளிய வந்துரும்."

"புதுச் சரக்கு பழசத் தள்ளிவிடுற மாதிரியா?"

"அதேதான். உங்க கடையில தள்ளுபடி போட்டாத்தான் பழசு நகரும். தோலுக்கு அது வேண்டாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருமா?"

"அதுகிட்டயும் பேரமா?"

பேசத்தான் செய்தார். தினமும் காலையில் உள்ளங்கையைப் பார்த்து, "கெளம்பு ராசா" என்று கெஞ்சினார். ராசா மெல்ல மேலேறி, வியாழனன்று தலையை நீட்டினார். வெள்ளியன்று அதே இடத்தில் அடம்பிடித்து நின்றார்.

விலை ஏறி இறங்கிப் படிந்தது. அம்மாள் கையை நீட்டினார். கடைக்காரர் இடது கையை நீட்டினார்.

"என்ன அண்ணே, வலது கை லீவா?"

வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்த அம்மாள், நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். சிராய் வெளியே வந்து விழுந்தது. நாற்காலியின் அதே நிறம்.

"அது... வீட்டு அலமாரி..."

"வேண்டாதத ஒளிச்சு வைக்காம வெளிய தள்ளுற குணம் உங்க தோலுக்கு இருக்கு. வாய்க்கு இல்லையே!"

நாற்பதும் போச்சு என்று கடைக்காரருக்கு வேர்த்தது. "உங்க எதிர்லதாம்மா குத்துச்சு. மறைச்சுட்டேன்."

"அப்பாடா, வாயிலருந்தும் உண்மை வெளிய வந்துருச்சு! முப்பத்தொம்பதுக்கு விலை, ஒண்ணு இனாம். உங்க பேச்சுதானே? எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கன்னத்த வச்சுப் பாத்துட்டு அனுப்புங்க."

தட்டினார்கள். வலிக்கவில்லை.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள், முதலாளி ஒவ்வொரு நாற்காலியிலும் கன்னத்தைச் சாய்த்துக் கண்மூடி இருப்பதைக் கண்டு, பாவம், தூங்கட்டும் என்று கடைப் பையனிடம் கிசுகிசுப்பாகவே விலை கேட்டார்கள்.